சாஷை மூடிவிட்டால் போதாதா? லேப் கட்டிடத்தில் எக்ஸாஸ்ட் நிற்கும் நாள்

கேள்வி இது: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியலில் பிஎச்டி செய்யும் ஒருவர் கேட்கிறார். அவருடைய கட்டிடத்தில் வரும் சனிக்கிழமை காலை 6 மணி முதல் மதியம் 2 மணி வரை எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் ஏ.எச்.யூ.வையும் (வெளிக்காற்றைக் கட்டிடத்துக்குள் தள்ளும் இயந்திரம்) நிறுத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஃபியூம் ஹூட்டில் (ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வேலை கூடாது என்றால் புரிகிறது, லேபுக்குள்ளேயே வரக்கூடாது என்கிறார்களே, ஹூட்டின் முன்பக்கக் கண்ணாடிக் கதவான சாஷை மூடிவிட்டுப் பெஞ்சில் வேலை பார்த்தால் என்ன கெட்டுவிடும்? வெள்ளி இரவு ஏற்றும் ரிஃப்ளக்ஸ் (கரைப்பானை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு நடத்தும் வினை) சனி மதியம்தான் முடியும், அதை அப்படியே ஓடவிடலாமா?

விடக்கூடாது. ரிஃப்ளக்ஸை வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள். லேபுக்குள் வரக்கூடாது என்பதும் சும்மா பயமுறுத்தல் இல்லை. இப்படிப்பட்ட கட்டிடங்களின் காற்றோட்டத்தைப் பார்த்துக்கொள்வதே பல வருடங்களாக என் வேலை. நோட்டீஸ் ஒட்டும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஏன் என்று எங்கள் ஆட்கள் விளக்குவதே இல்லை. அது எங்கள் குறை, எனவே இங்கே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஃபியூம் ஹூட் என்றால் ஒரு பெட்டி, அதன் தலைமேல் ஒரு ஃபேன் என்றுதான் பலர் மனதில் படம் இருக்கிறது. பழைய கட்டிடங்களில் அப்படித்தான் இருந்தது: ஒரு ஹூட்டுக்கு ஒரு டக்ட் (காற்றுக் குழாய்), மொட்டைமாடியில் அதற்கென ஒரு ஃபேன். இப்போது கட்டும் கட்டிடங்களில் நாற்பது, ஐம்பது ஹூட்களின் டக்ட்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய டக்ட்டில் விழும். அதை மாடியில் மூன்று, நான்கு ஃபேன்கள் கூட்டாக இழுக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே டேங்கிலிருந்து எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வருவதைப்போல. கீழ்வீட்டில் நாலு குழாயைத் திறந்தால் மேல்வீட்டில் நூலாக ஒழுகும் அல்லவா, ஹூட்டிலும் அதே கணக்குதான். உங்கள் ஹூட்டில் காற்று எவ்வளவு இழுபடும் என்பதை முன்பின் பார்த்திராத ஒருவரின் ஹூட்டும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

அந்த இழுப்பு எவ்வளவு? சாஷ் திறப்பில் நிமிடத்துக்கு 80 முதல் 120 அடி வேகத்தில் காற்று உள்ளே போகவேண்டும் என்பது பரவலான வழக்கம். பெரும்பாலும் 100 அடி என்று வைப்பார்கள். ஆறடி ஹூட்டில் சாஷை 18 அங்குலம் தூக்கினால் ஏறக்குறைய 8 சதுர அடி திறப்பு, அதாவது நிமிடத்துக்கு சுமார் 800 கன அடி காற்று. நம் ஊர்ப் பத்துக்குப் பத்து அறை ஒன்றின் மொத்தக் காற்றையும் ஒன்றேகால் நிமிடத்தில் காலி செய்துவிடும். நாற்பது ஹூட் என்றால் நிமிடத்துக்கு 32,000 கன அடி. இந்தக் காற்று திரும்பி வராது. வீட்டு ஏசி மாதிரி உள்காற்றையே சுற்றவிட முடியாது, முழுக்க வெளிக்காற்றை எடுத்து, குளிரவைத்தோ சூடாக்கியோ உள்ளே தள்ளி, ஒரு தடவை உபயோகித்ததும் மாடிக்கு மேலே எறிந்துவிட வேண்டும். ஒரு ஹூட் வருடத்துக்குத் தின்னும் சக்தி மூன்றரை அமெரிக்க வீடுகளுக்குச் சமம் என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் போட்ட கணக்கு இந்தத் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆக, மாடியில் இழுப்பது ஒரு பக்கம், ஏ.எச்.யூ. உள்ளே தள்ளுவது மறுபக்கம். தள்ளுவதைவிட இழுப்பது எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி அமைப்போம். அப்போதுதான் காற்று நடைபாதையிலிருந்து லேபுக்கும், லேபிலிருந்து ஹூட்டுக்கும் போகும். எவ்வளவு காற்று என்பதைவிட எந்தத் திசையில் போகிறது என்பதுதான் முக்கியம். எல்லாம் ஒழுங்காக நின்றுவிட்டால்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பாதி நின்று பாதி ஓடும் கட்டிடம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும்.

முதலில், தள்ளுவது நின்று இழுப்பது மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பனி கொட்டும் அமெரிக்க வட மாநிலங்களில் இது ஜனவரி மாதத்து நோய். ஏ.எச்.யூ.வுக்குள் தண்ணீர் ஓடும் காயில் உறைந்து வெடிக்காமல் இருக்க ஃப்ரீஸ்டாட் என்று ஒரு காவல் கருவி உண்டு. காற்றின் வெப்பநிலை 3, 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் அது ஏ.எச்.யூ.வை நிறுத்திவிடும். ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்கு அப்படி நின்றது. எக்ஸாஸ்ட் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வாசல் கதவைத் தள்ளிப் பார்த்து, யாரோ பூட்டிவிட்டார்கள் என்று வளாகக் காவலரைக் கூப்பிட்டார். கதவு பூட்டப்படவே இல்லை. காற்றுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

கணக்கு எளிது. மூன்றடி அகலம் ஏழடி உயரக் கதவுக்கு 21 சதுர அடி. உள்ளுக்கும் வெளிக்கும் அரை அங்குல நீர்மட்டம், அதாவது 125 பாஸ்கல், அழுத்த வேறுபாடு வந்தால் கதவின்மேல் விழும் மொத்த விசை சுமார் 55 பவுண்டு. கைப்பிடியில் அதில் பாதி. கதவைத் தானாக மூடவைக்கும் குளோசரின் விசையையும் கூட்டுங்கள். கதவை அசைக்க 30 பவுண்டு விசைக்கு மேல் தேவைப்படக்கூடாது என்பது அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதி. அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. வெளியேறும் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறப்பவை என்பதை நினைவில் வையுங்கள். கட்டிடம் உள்ளே உறிஞ்சும்போது வெளியே தள்ளித் திறப்பது மல்லுக்கட்டாகிவிடும். தீ பிடித்த நேரத்தில், வயதானவரோ காயம்பட்டவரோ அந்தக் கதவின் முன் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே காலையில் இரண்டாம் மாடியில் அழுகிய முட்டை நாற்றம் என்று இன்னொரு அழைப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலிண்டர் கசிகிறது என்று பதறி தீயணைப்புத் துறையையும் அழைத்துவிட்டார்கள். உண்மையில் அது சாக்கடை. தரையிலுள்ள வடிகால்களின் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடைக் காற்றை அதுதான் தடுக்கிறது. யாரும் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றாத வடிகாலில் அது வற்றிப் போயிருந்தது. ஏ.எச்.யூ. ஓடியபோது யாருக்கும் தெரியவில்லை. கட்டிடம் எங்கிருந்தாவது காற்றை உறிஞ்ச வேண்டும் என்ற நிலை வந்ததும் அந்த ஓட்டை வழியாகச் சாக்கடையையும் உறிஞ்சியது. ஒரு வாளித் தண்ணீரோடு முடிந்த விஷயம். அதற்குள் இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன.

தள்ளுவது நின்றால் இழுப்பதையும் உடனே நிறுத்திவிட வேண்டியதுதானே என்று சில டிசைனர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹூட்டுக்குள் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும்போது இழுப்பை அறுப்பது தவறு. இழுப்பைப் படிப்படியாகக் குறைத்துக் கதவு திறக்கும் நிலைக்குக் கொண்டுவருவதே சரியான வழி.

இதற்கு நேரெதிர் நிலை, இழுப்பது நின்று தள்ளுவது ஓடுவது. இதுதான் மோசம். லேப் ஊதிய பலூன் மாதிரி ஆகிவிடும். ஹூட்டில் இருக்கும் ஆவி லேபுக்கும், லேபில் இருப்பது நடைபாதைக்கும், அங்கிருந்து மாடிப்படி வழியாக அலுவலக அறைகளுக்கும் போகும். இதனால்தான் எக்ஸாஸ்ட் விழுந்தால் ஏ.எச்.யூ. தானாக நிற்கும்படி இன்டர்லாக் போடுவோம். இன்டர்லாக்கைச் சோதிக்க எப்போதோ யாரோ கம்ப்யூட்டரில் ஓவர்ரைடு போட்டு அதை முடக்கிவிட்டு, அந்த ஓவர்ரைடை எடுக்க மறந்துபோய், இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அது வெளியே தெரிவதும் நடக்கும். ஷட்டவுனுக்கு முன் நான் முதலில் கேட்பது அந்த ஓவர்ரைடு பட்டியலைத்தான்.

மூன்றாவது நிலை வெளியே தெரியாதது: கூட்டாக இழுக்கும் மூன்று ஃபேன்களில் ஒன்று மட்டும் நிற்பது. மற்ற இரண்டும் சமாளிக்கும் என்பது டிசைன். ஆனால் நின்ற ஃபேனின் வாயை மூடவேண்டிய டேம்பர் துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டால், ஓடும் ஃபேன்கள் ஹூட்களை விட்டுவிட்டு, பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் மாடிக் காற்றை அந்தச் செத்த ஃபேன் வழியாகத் திருப்பி இழுக்கும். செத்த ஃபேன் பின்பக்கமாகச் சுழலும். மாடியில் சத்தம் பிரமாதமாக இருக்கும், கீழே ஹூட்டில் காற்றே இருக்காது. பின்பக்கம் சுழலும் ஃபேனை அந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்தால் மோட்டார் ஓவர்லோடு ஆகி டிரிப் ஆகும். புதிதாக வந்த டெக்னீஷியன்கள் மோட்டார் கெட்டுவிட்டது என்று கழற்ற ஆரம்பிப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமை இரண்டுமே நிற்கப்போகின்றன, சாஷும் மூடியிருக்கும், அப்புறம் என்ன?

ஃபேன் நின்றாலும் டக்ட் அங்கேயேதான் இருக்கிறது. உங்கள் ஹூட்டையும் மூன்றாம் மாடியில் வேறொரு குழுவின் ஹூட்டையும் அது நேராக இணைக்கிறது. ஓடும்போது ஒருவழிப்பாதை, நின்றால் இருவழிப்பாதை. பருவத்தைப் பொறுத்து அதற்குள் காற்று தானாகவும் ஓடும். குளிர்காலத்தில் உள்ளே சூடு, வெளியே குளிர், அதனால் காற்று மெதுவாக மேலே ஏறும். அது ஓரளவு நமக்குச் சாதகம். கோடையில் தலைகீழ். ஏசியில் குளிர்ந்த உள்காற்று கனமாக இருப்பதால் கீழ்த்தளங்கள் வழியாக வெளியே வழியும், அந்த இடத்தை நிரப்ப மாடிப் புகைபோக்கிகள் வழியாக வெளிக்காற்று கீழே இறங்கும். அது வந்து சேரும் இடம் உங்கள் ஹூட். மூடிய சாஷ் என்றாலும் அதன் கீழும் ஓரங்களிலும் இடைவெளி உண்டு, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஹூட்டுக்குக் கீழே உள்ள அமில அலமாரி, கரைப்பான் அலமாரி பலவும் அதே டக்ட்டில்தான் மூச்சுவிடுகின்றன. ஆவி பரவ, மூடியில்லாத புனல் செருகிய ஒரு கழிவு ஜாடி போதும்.

டைஎத்தில் ஈதர் என்ற கரைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். காற்றில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தாலே பற்றிக்கொள்ளும். ஹூட்டில் சிந்தியதை நல்ல நாளில் இழுப்பு தூக்கிக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. இழுப்பு இல்லாத நாளில் அது பெஞ்சின் விளிம்பிலிருந்து தண்ணீர்போல வழிந்து, தரையோடு தரையாக ஊர்ந்து, பத்தடி தள்ளியிருக்கும் பழைய ஃபிரிட்ஜின் பொறிவரை போகும். பெஞ்சில் வேலை பார்க்கும் உங்களுக்கு மூக்கில் ஏறுவதற்குள் கால் அருகே குளம் கட்டியிருக்கும்.

பெஞ்சில் நான் கரைப்பான் தொடவே மாட்டேன் என்பீர்கள். சரி, லேபில் திரவ நைட்ரஜன் வைக்கும் டூவர் குடுவை இருக்கிறதா? ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. 50 கன மீட்டர் அறையில் 10 லிட்டர் கொட்டினால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 18க்கு இறங்கும். 19.5க்குக் கீழ் போனாலே அபாயம் என்பது விதி. காற்று ஓடும் நாளில் அது சில நிமிடச் சங்கதி. ஓடாத நாளில் அங்கேயே நிற்கும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சுத் திணறலும் முன்கூட்டிச் சொல்லாது, நேராக மயக்கம்தான்.

இன்னொன்று உண்டு, மாணவர்கள் யாருக்கும் தோன்றாது: மாடியில் இருக்கும் ஆள். அன்றைக்கு ஃபேனை நிறுத்துவது பேரிங் மாற்றவோ பெல்ட் மாற்றவோதான். அதைச் செய்பவர் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஃபேனின் கூட்டுக்குள் தலையை விடுவார். அவர் முகத்துக்கு எதிரே திறந்து கிடப்பது உங்கள் ஹூட்டிலிருந்து வரும் டக்ட். காற்று மேலே ஏறும் நவம்பர்க் குளிரில், கீழே யாரோ ஒருவர் “கொஞ்சம்தானே” என்று குளோரோஃபார்மை ஆவியாக்கினால் அது மெதுவாக ஏறி எங்கே போகும்? அவருக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று தெரியாது. நோட்டீஸை நம்பித்தான் மேலே ஏறியிருக்கிறார். லேபுக்கு வராதே என்று கறாராகச் சொல்வதற்கு என்னளவில் இதுவே பெரிய காரணம். எட்டு மணி நேரம் ஒரு கட்டிடம் முழுக்க ஒவ்வொருவரும் தன் ஹூட்டைப் பற்றித் தானே முடிவெடுக்க ஆரம்பித்தால் மேலே இருப்பவருக்குப் பாதுகாப்பே இல்லை.

பெர்க்ளோரிக் அமிலத்தில் மாதிரிகளைக் கரைப்பவர்கள் உங்கள் கட்டிடத்தில் இருந்தால், அவர்களுக்குத் தனி ஹூட், தனி டக்ட், உள்ளே தண்ணீர் தெளித்துக் கழுவும் அமைப்பு எல்லாம் இருக்கும். அந்த ஆவி உலோகத்திலும் தூசியிலும் படிந்து காய்ந்தால் தட்டினாலே வெடிக்கும் உப்பாகிவிடும். அந்த ஃபேனைக் கழற்றுவதற்கு முன் டக்ட்டைக் கழுவாமல் ஸ்பேனர் வைக்கவே கூடாது.

உயிரியல் பக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. டைப் ஏ2 பயோசேஃப்டி கேபினெட் (கிருமிகளைக் கையாளும் பெட்டி) தன் காற்றில் சுமார் 70 சதவீதத்தை வடிகட்டி தனக்குள்ளேயே சுற்றவிடும், எனவே மின்சாரம் இருந்தால் மாடி ஃபேன் நின்றாலும் ஓரளவு ஓடும். டைப் பி2 அப்படியில்லை. அதன் காற்று முழுக்க வெளியே போகவேண்டும். எக்ஸாஸ்ட் குறைந்தால் அலாரம் அடித்துத் தன் உள் ஃபேனைத் தானே நிறுத்திக்கொள்ளும்படி அதை அமைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை உங்கள் முகத்தில் ஊதிவிடும். விலங்குக்கூடத்தில் மணிக்கு 10 முதல் 15 முறை காற்று மாறவேண்டும் என்பது வழக்கம். அங்கே எட்டு மணி நேர ஷட்டவுன் என்ற பேச்சே எடுபடாது, மாற்று ஃபேன் இல்லாமல் தொடவே மாட்டோம்.

ஃப்ரீசர்களை மறந்துவிடாதீர்கள். மைனஸ் 80 ஃப்ரீசர், பழைய மாடல் என்றால், ஒரு நாளைக்கு 20 யூனிட் வரை மின்சாரம் எடுக்கும். எடுத்ததெல்லாம் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளிவரும். பத்து ஃப்ரீசர் அறையில் அது 8 கிலோவாட்டுக்கு மேல். அதை ஈடுகட்ட இரண்டரை டன் ஏசி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஏ.எச்.யூ. நின்றால் அந்த அறை மதியத்துக்குள் அடுப்பங்கரையாகிவிடும், கம்ப்ரஸர்கள் திணற ஆரம்பிக்கும். கதவைத் திறந்து வைத்து, ஆள் போட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருப்போம். உங்கள் குழுவின் மாதிரிகள் அங்கே இருந்தால், வெள்ளிக்கிழமையே ஃப்ரீசர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்துவையுங்கள். அதைவிட மலிவான காப்பீடு எனக்குத் தெரியாது.

திட்டமிட்ட நிறுத்தம் என்றால் இவ்வளவு யோசிக்க நேரம் இருக்கிறது. திட்டமிடாதது வந்தால்? 2019 அக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பயத்தால் மின்சாரத்தை நிறுத்தியபோது பெர்க்லி வளாகத்தில் வகுப்புகள் ரத்தாயின. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைப்போம். ஜெனரேட்டர் சில நொடிகளில் கிளம்பிவிடும், ஆனால் பெரும்பாலும் எல்லா ஃபேனும் அதில் இருக்காது. இருக்கும் ஃபேன்களும் ஒவ்வொன்றாக, சில நிமிட இடைவெளியில்தான் வேகம் பிடிக்கும். அந்தச் சில நிமிடங்களில் ஹூட் ஹூட்டே இல்லை. விளக்கு எரிகிறது என்பதை வைத்து ஹூட் இழுக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, மறுபடி ஓடவிடும் கட்டம். எக்ஸாஸ்ட் முதலில், ஏ.எச்.யூ. பிறகு. வரிசை மாறினால் லேபில் தேங்கி நிற்பதையெல்லாம் நடைபாதைக்குத் தள்ளிவிடுவோம். ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் டக்ட்டுக்குள் உதிர்ந்து கிடந்த துரு, தூசி எல்லாம் குலுங்கும். ஹூட்டுக்குள் வைத்த திறந்த பாத்திரத்தில் பழுப்புத் தூள் விழுந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அறைக்குள் தேங்கியது வெளியேறவும் நேரம் வேண்டும். மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில், நன்றாகக் கலந்த மாசு நூற்றில் ஒன்றாகக் குறைய 46 நிமிடம் ஆகும். 12 முறை என்றால் 23 நிமிடம். பச்சை விளக்கு வந்த நொடியில் மூக்கை நுழைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஹூட் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய டிஷ்யூ துண்டைச் சாஷின் கீழ் விளிம்பில் ஒட்டித் தொங்கவிட்டால் போதும், உள்பக்கம் சாயவேண்டும். அளவுக்கு அது ஈடாகாது, திசையைச் சொல்லும். சிலர் ஊதுபத்தி கொளுத்திப் புகை எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். சாமி அறைக்குச் சரி, எட்டு மணி நேரம் காற்றே ஓடாத கரைப்பான் லேபுக்கு வேண்டாம். ஹூட்டின் அளவுமானி நிறுத்தத்துக்கு முன் காட்டும் எண்ணை வெள்ளிக்கிழமை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வந்தபின் அதே எண் வரவில்லை என்றால் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிடுங்கள், ஓடும் ஃபேனின் டேம்பரை யாராவது திறக்க மறந்திருக்கலாம்.

உங்கள் ரிஃப்ளக்ஸை முன்கூட்டியே ஏற்றி, வெள்ளி மாலைக்குள் நிறுத்திக் குளிரவைக்க முடியுமா பாருங்கள். முடியாது என்றால் ஏற்றவே ஏற்றாதீர்கள். சிலிண்டர் வால்வுகளை மூடுங்கள், ரெகுலேட்டரில் அல்ல, சிலிண்டரிலேயே. கழிவு ஜாடிகளுக்கு மூடி போடுங்கள். மறுபடி தொடங்குவதை ஞாயிறு காலைக்குத் திட்டமிடுங்கள், சனி மதியத்துக்கு அல்ல. நோட்டீஸில் 2 மணி என்று போட்டிருப்பதை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்: பேரிங்கைக் கழற்றிய பிறகுதான் ஷாஃப்ட் தேய்ந்திருப்பது தெரியும், அது தெரிந்துவிட்டால் 2 மணி என்பது 7 மணியாகிவிடும்.